பழைய கேம் ஆட ஒரு கைக்கருவி வாங்கும் முன்

"பிஎஸ்2 ஓடுமா?"

பழைய வீடியோ கேம்களை எமுலேட்டரில், அதாவது பழைய கேம் இயந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருளில், ஆட ஒரு கைக்கருவி வாங்கலாம் என்று நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். பிஎஸ்2 என்றால் சோனியின் பிளேஸ்டேஷன் 2. "பிஎஸ்2-வில் எந்த கேம்?" என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேரிடம் பதில் இருக்காது. ஓடினால் நல்லதுதானே என்பார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால், அவர்கள் மனதில் இருப்பது சூப்பர் மரியோ வேர்ல்டும் காண்ட்ராவும் ஏதாவது ஒரு போக்கிமானும் என்று தெரிந்துவிடும். அவற்றுக்கு இன்று கிடைக்கும் மிகச் சாதாரணமான கருவியே தாராளம்.

சில வருடங்களாக இந்தக் கருவிகளோடு புழங்கி வருகிறேன். உள்ளங்கைக்குள் அடங்குவது, படுக்கை வாட்டில் அகலமாக இருப்பது, ஆண்ட்ராய்டில் ஓடுவது என்று பல வகை என் கையில் இருந்திருக்கின்றன. நண்பர்களுக்கும் அக்கா மகனுக்கும் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். எது மேசை டிராயருக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது, எது தினமும் கையில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பிடிபட்டது. சிப்பின் வேகத்துக்கும் இதற்கும் பெரிதாகச் சம்பந்தமே இல்லை. திரை என்ன வடிவத்தில் இருக்கிறது, பட்டன்கள் கையில் எப்படி உட்காருகின்றன, ஆன் செய்ததும் எவ்வளவு சீக்கிரம் கேமுக்குள் போக முடிகிறது, இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

கடைப் பக்கங்களைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, நிஜமாகவே உட்கார்ந்து ஆடப்போகும் பத்து கேம்களின் பெயரை எழுதுங்கள். "எல்லாமே" என்று எழுதுவது செல்லாது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எந்த கன்சோலுக்கு, அதாவது எந்த அசல் கேம் இயந்திரத்துக்கு, வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களின் பட்டியலில் ஏழெட்டு கேம் ஒன்றிரண்டு கன்சோல்களுக்குள்ளேயே விழும். அந்த கன்சோல்கள் எவையோ, அவற்றுக்குத்தான் கருவி வாங்குகிறீர்கள். மிச்சம் இரண்டு ஓடினால் லாபம்.

வேகத்தைப் பற்றிச் சீக்கிரமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். தோராயமாக மூன்று படிகள். 1994-ல் வந்த முதல் பிளேஸ்டேஷன் வரை ஒரு படி. நின்டெண்டோவின் எட்டு பிட் கன்சோல், சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், கேம் பாய் முதல் கேம் பாய் அட்வான்ஸ் வரை எல்லாம் இதற்குள் வந்துவிடும். ராக்சிப் ஆர்கே3326 மாதிரிப் பழைய சிப்பே இதைச் சமாளிக்கும், ஆல்வின்னர் ஹெச்700, ஆர்கே3566 எல்லாம் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். அடுத்த படியில் நின்டெண்டோ 64, டிரீம்காஸ்ட், சோனியின் கையடக்க பிஎஸ்பி. விளம்பரங்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். "பிஎஸ்பி ஓடும்" என்று அட்டையில் போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் பிஎஸ்பியில் ஒரு புதிர் கேம் ஓடுவதும் காட் ஆஃப் வார் ஓடுவதும் ஒன்றில்லை. மூன்றாவது படி பிஎஸ்2, கேம்கியூப். இவற்றுக்கு ஸ்னாப்டிராகன் 865 அளவிலான சிப்பும் ஆண்ட்ராய்டும் வைத்த கருவி, அல்லது ஸ்டீம் டெக் மாதிரிக் கையடக்கக் கணினி.

வருடத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. செகா சாட்டர்னும் 1994-ல் வந்ததுதான். ஆனால் அதற்குள் இரண்டு முக்கிய பிராசசர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும், அந்த ஒத்திசைவை மென்பொருளில் கொண்டுவருவது பெரும்பாடு. முதல் பிளேஸ்டேஷன் வழுக்கிக்கொண்டு ஓடும் கருவியில் சாட்டர்ன் நொண்டும். ஒரே கன்சோலிலும் எல்லா கேமும் ஒரே எடை இல்லை. 1993-ல் வந்த சூப்பர் நின்டெண்டோ கேம் ஸ்டார் ஃபாக்ஸின் கேட்ரிட்ஜுக்குள்ளேயே, அதாவது கேம் அடங்கிய பெட்டிக்குள்ளேயே, சூப்பர் எஃப்எக்ஸ் என்று கூடுதலாக ஒரு சிப் இருந்தது. எமுலேட்டர் கன்சோலைப் போல நடித்தால் மட்டும் போதாது, அந்தச் சிப்பையும் சேர்த்து நடிக்க வேண்டும்.

அதனால் உங்கள் பட்டியலில் இருப்பதிலேயே கனமான கேம் எது என்று பார்த்து, நீங்கள் வாங்க நினைக்கும் கருவியில் அந்த கேமை யாராவது ஆடிக்காட்டும் வீடியோவைத் தேடுங்கள். மெனுவையும் முதல் காட்சியையும் காட்டிவிட்டு நிறுத்தும் வீடியோ உதவாது. பார்க்கும்போது சத்தத்தைக் கவனிக்க வேண்டும். வேகம் குறைந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத் தெரியும், இசை இழுபடும், கரகரக்கும். பின்னணி இசையே இல்லாமல், அல்லது மேலே வேறு பாட்டைப் போட்டு வெளியிட்ட சோதனை வீடியோக்களை நான் நம்புவதே இல்லை.

இனி திரை. கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது.

பழைய கன்சோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் உண்டு. தொலைக்காட்சியில் ஆடியவை எல்லாம் 4:3, அதாவது பழைய டிவியின் வடிவம். 1989-ன் கேம் பாய் 160×144 திரைப் புள்ளிகள் (பிக்சல்), கிட்டத்தட்டச் சதுரம். 2001-ல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் 240×160, அதாவது 3:2. பிஎஸ்பி 480×272, கிட்டத்தட்ட 16:9, இன்றைய டிவி மாதிரி நீளவாக்கு. கருவியின் திரை இதில் எந்த வடிவமோ, அந்த கன்சோலுக்குத்தான் அது நிறைவாகப் பொருந்தும். மற்றவற்றுக்கு மேலேயோ பக்கத்திலோ கறுப்புப் பட்டை விழும்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 5.5 அங்குல 16:9 திரை என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அதில் சூப்பர் நின்டெண்டோவையோ பிளேஸ்டேஷனையோ ஆடினால், படம் வருவது சுமார் 4.5 அங்குலத்துக்குத்தான். மீதி கறுப்பு. தலைகீழாகப் பாருங்கள்: 3.5 அங்குல 4:3 திரையில் பிஎஸ்பி கேம் போட்டால் படம் 3.2 அங்குலம். அசல் பிஎஸ்பியின் திரையே 4.3 அங்குலம். கதை வசனம் நிறைந்த கேம் என்றால் எழுத்தைப் படிக்கவே கண்ணைச் சுருக்க வேண்டும். சிப் ஓட்டுகிறது, கண்தான் ஓட்டமாட்டேன் என்கிறது. பிஎஸ்பிதான் முக்கியம் என்பவர் 4:3 கருவியை வாங்காமல் இருப்பதே நல்லது.

வடிவத்தோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. அசல் புள்ளிகள் எத்தனை மடங்காகப் பெரிதாகின்றன என்பது. மலிவான கருவிகளில் மிகப் பரவலான திரை 640×480. இதில் கேம் பாயை மூன்று மடங்காக்கினால் 480×432, சுற்றிலும் கொஞ்சம் கறுப்பு விட்டு அச்சாக உட்காரும். கேம் பாய் அட்வான்ஸை அகலம் முழுக்க நிரப்பினால் 2.67 மடங்கு வருகிறது. முக்கால் புள்ளி, அரைப் புள்ளி என்று திரையில் வரைய முடியாது. எனவே சில புள்ளிகள் இரண்டு கட்டம் அகலமாகவும் சில மூன்று கட்டமாகவும் ஆகின்றன. நின்ற படத்தில் இது தெரியாது. கதாநாயகனை நடக்க விட்டுப் பாருங்கள். பின்னணியில் ஒரு வேலியோ ஏணியோ இருந்தால், அதன் கம்பிகள் நகர நகர ஒவ்வொன்றாகத் தடித்து மெலியும். ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

தப்பிக்க வழி இரண்டு. ஒன்று, முழு மடங்கில் மட்டும் பெரிதாக்கும்படி அமைப்பில் மாற்றிவிட்டு, சின்னப் படத்தை ஏற்றுக்கொள்வது. இன்னொன்று, புள்ளிகளின் ஓரத்தை லேசாக மழுக்கும் ஷேடர் என்ற சின்ன நிரலைப் போடுவது. பல எமுலேட்டர்களை ஒன்றாக அடக்கிய ரெட்ரோஆர்ச் மென்பொருளில் இதற்கென்றே எளிய ஷேடர்கள் இருக்கின்றன, சாதாரணச் சிப்பும் தாங்கும். திரையில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் இந்தத் தொல்லையே குறைந்துவிடும். ட்ரிம்யூஐ பிரிக் 3.2 அங்குலத்துக்குள் 1024×768 புள்ளிகளை வைத்திருக்கிறது. அதில் கேம் பாய் ஐந்து மடங்கு, கேம் பாய் அட்வான்ஸ் நான்கு மடங்கு, பிளேஸ்டேஷனின் 320×240 மூன்று மடங்கு என்று எல்லாமே முழு எண்ணில் வரும். இத்தனை சின்னத் திரைக்கு இத்தனை புள்ளி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கேம் பாய் அட்வான்ஸ்தான் உங்கள் பட்டியலை ஆள்கிறது என்றால் 3:2 திரையைத் தேடுங்கள். அன்பெர்னிக் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸின் திரை 720×480. அசலுக்கு மிகச் சரியாக மூன்று மடங்கு, ஒரு புள்ளிகூட வீணில்லை. அதே திரையில் 4:3 கேம் போட்டால் இரண்டு பக்கமும் நாற்பது நாற்பது புள்ளி மட்டுமே கறுப்பாகும். இரண்டு உலகத்துக்கும் ஒத்துப்போகிற வடிவம் இது என்பது என் கருத்து. ஏன் இன்னும் நிறையப் பேர் இதில் கருவி செய்யவில்லை என்று தெரியவில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் வந்த கேம் பாய் அட்வான்ஸுக்குத் திரைக்குள் விளக்கே கிடையாது. மங்கலான திரையில் தெரிய வேண்டும் என்பதற்காகப் பல கேம்களின் நிறங்களை அடித்துத் தூக்கி வைத்தார்கள். இன்றைய பளிச்சென்ற திரையில் அதே நிறங்கள் கண்ணைக் கூசும், புல்வெளி நியான் விளக்கு மாதிரி எரியும். எம்ஜிபிஏ எமுலேட்டரில் நிறத் திருத்தம் என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் அடங்கிவிடும். திரை சரியில்லை என்று கருவியைத் திருப்பி அனுப்பும் முன் இதை ஒரு தடவை முயன்று பாருங்கள்.

அடுத்தது கை.

1982-ல் நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் டாங்கி காங் கேமுக்கான கேம் அண்டு வாட்ச் கைக்கருவியில் சிலுவை வடிவத் திசைப் பட்டனை, அதாவது டி-பேடை, வைத்தார். அதற்குப் பிறகு வந்த இருபரிமாண கேம்களில் பெரும்பாலானவை அந்தச் சிலுவையை நம்பியே செய்யப்பட்டவை. ஆகவே கருவியில் டி-பேட் மோசம் என்றால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை. மோசமான டி-பேடின் அடையாளம், வலது பக்கம் அழுத்தினால் கூடவே மேலோ கீழோ சேர்ந்து பதிவாவது. இதைக் கண்டுபிடிக்க காண்ட்ராவை விடச் சிறந்த சோதனை இல்லை. வலப்பக்கம் ஓடிக்கொண்டே சுட்டுக்கொண்டிருங்கள், கட்டைவிரலை எடுக்காமல் லேசாக உருட்டிப் பாருங்கள். நீங்கள் கேட்காமலேயே துப்பாக்கி மேல்நோக்கிச் சாய்கிறதென்றால் டி-பேட் சரியில்லை. டெட்ரிஸில் இடப்பக்கம் தள்ளும்போது கட்டை சட்டென்று கீழே பாய்ந்தாலும் இதே நோய்தான். எதிர்த்திசை நோயும் உண்டு. கோணத்திசையே பதிவாகாமல் இருப்பது. அதற்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-வில் ஆற்றல் பந்தை எறியும் ஹடூக்கன் அடியைப் போட்டுப் பார்க்க வேண்டும். கீழ், கீழ்-வலம், வலம், குத்து. பத்துக்கு எட்டுத் தடவையாவது வர வேண்டும், அதுவும் இரண்டு பக்கத்திலிருந்தும்.

முதல் நோய்க்கு வைத்தியம் உண்டு. கருவியைத் திறந்து, டி-பேடுக்குக் கீழே போர்டில் இருக்கும் தொடுபுள்ளிகளின் ஓரத்தில் மெல்லிய டேப்பைச் சின்னதாக வெட்டி ஒட்டினால், லேசான சாய்வுக்கெல்லாம் பதிவாகாது. ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் பழக்கம் இருப்பவர்களுக்கு எளிய வேலை. பழக்கம் இல்லாதவர்கள் ஆரம்பத்திலேயே நல்ல டி-பேடுக்குப் பெயர் வாங்கிய கருவியைத் தேடிக்கொள்வது நல்லது.

எல்லாப் பக்கமும் சாய்க்கும் குச்சியான அனலாக் ஸ்டிக் எல்லாருக்கும் தேவையில்லை. முதல் பிளேஸ்டேஷன் கேம்களில் மிகப் பெரும்பாலானவை டி-பேடிலேயே ஆடலாம். 1999-ல் வந்த ஏப் எஸ்கேப் மாதிரி இரண்டு ஸ்டிக்கும் கட்டாயம் வேண்டும் என்பவை விதிவிலக்கு. நின்டெண்டோ 64 என்றால் ஒரு ஸ்டிக்காவது இல்லாமல் முடியாது. ஸ்டிக் இருக்கும் கருவி என்றால், டி-பேட் மேலே இருக்கிறதா ஸ்டிக் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இடது கட்டைவிரல் இயல்பாக உட்காரும் இடம் மேலே. பழைய கேம் ஆடுபவருக்கு அந்த இடத்தில் டி-பேட் இருக்க வேண்டும்.

செங்குத்து வாட்டுக் கருவிகள், அதாவது பழைய கேம் பாய் மாதிரி நிற்பவை, பார்க்க அழகு, சட்டைப்பையில் போடலாம். ஆனால் அவற்றின் ஷோல்டர் பட்டன்கள் முதுகுப்புறம் மேல் மூலையில் இருக்கும். போக்கிமானுக்கும் டெட்ரிஸுக்கும் அவை தேவைப்படாது. மரியோ கார்ட்டில் வளைவுகளில் சறுக்க அதை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், கால் மணி நேரத்தில் விரல் மரத்துப்போகும். என் நண்பர் ஒருவருக்கு உள்ளங்கை அகலம். அவர் ஆசையாக வாங்கிய சின்னக் கருவியை இப்போது அவர் மகள் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

நேரில் தொட்டுப் பார்த்து வாங்க வாய்ப்பில்லாதவர்களுக்கு நான் சொல்லும் வழி சிரிப்பாகத் தோன்றலாம். கருவியின் நீளம், அகலம், தடிமன் மூன்றும் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கும். அந்த அளவுக்கு அட்டையை வெட்டி அடுக்கி ஒட்டுங்கள். படத்தைப் பார்த்து டி-பேடும் பட்டன்களும் இருக்கும் இடத்தைப் பேனாவால் வரையுங்கள். பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கட்டைவிரல்களை நகர்த்திப் பாருங்கள். விரல் எங்கே மடங்குகிறது, எங்கே எட்டவில்லை என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எடையை மட்டும் இதில் உணர முடியாது. சின்னக் கருவிகள் இருநூறு கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். ஸ்டீம் டெக் அறுநூறைத் தாண்டும், மல்லாந்து படுத்துக்கொண்டு ஆடினால் மூக்கில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டன் சத்தத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பக்கத்தில் ஒருவர் தூங்கும்போது ஆடுபவர் என்றால், "கிளிக் கிளிக்" என்று ஒலிக்கும் பட்டன் உள்ள கருவி வீட்டில் சண்டையை இழுத்துவிடும். ரப்பர் அடியுள்ள பட்டன்கள் அமைதியானவை.

வாங்கிய பிறகு தினமும் முகத்தில் முழிக்கப்போவது மென்பொருள்தான். லினக்ஸ் கருவிகளும் ஆண்ட்ராய்டு கருவிகளும் அடிப்படையிலேயே வேறு வேறு மாதிரி. லினக்ஸ் கருவியை ஆன் செய்தால் கேம் பட்டியல் வரும், அமுக்கினால் கேம் வரும், அவ்வளவுதான். ஆண்ட்ராய்டில் பிபிஎஸ்எஸ்பிபி, டக்ஸ்டேஷன், டால்ஃபின் என்று ஒவ்வொரு எமுலேட்டரையும் தனித்தனியாகப் போட்டு, பட்டன்களை ஒதுக்கி, கோப்புறைகளைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அந்த நோண்டலே சிலருக்குச் சுகம், எனக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் அக்கா மகனுக்குத் தேர்ந்தெடுத்தபோது யோசிக்காமல் லினக்ஸ்தான் சொன்னேன்.

லினக்ஸ் கருவியை வாங்கும் முன், அதற்கு ஆர்வலர்கள் செய்த மாற்று இயங்குதளம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். மியோ மினி பிளஸுக்கு ஆனியன், வேறு கருவிகளுக்கு ராக்நிக்ஸ், மியூஓஎஸ் என்று இருக்கின்றன. தயாரிப்பாளர் அடுத்த மாடலுக்குப் போய்விட்ட பிறகும் இவர்கள் பழைய மாடலைப் பார்த்துக்கொள்வார்கள். ஆனியனில் எனக்கு மிகவும் பிடித்தது, கருவியை அணைத்தால் ஆடிய இடத்தைத் தானே சேமித்து, மறுபடி ஆன் செய்ததும் அதே நொடியிலிருந்து தொடர்வது. பேருந்து வர ஐந்து நிமிடம் இருக்கிறது என்றால் எடுத்து ஆடலாம், வந்ததும் அணைத்துப் பையில் போடலாம். விலையுயர்ந்த கருவிகள் டிராயரில் கிடக்க, ஒரு சின்னக் கருவி தினமும் என்னோடு வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். சில மலிவுக் கருவிகளில் ஸ்லீப் என்று இருக்கும், ஆனால் ராத்திரி முழுக்க அப்படியே விட்டால் காலையில் பேட்டரி காலியாக இருக்கும். ஸ்லீப்பில் எவ்வளவு இழுக்கிறது என்று மற்றவர்கள் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சேமிப்பு விஷயத்தில் கவனம் தேவை. கேமுக்குள்ளேயே சேமிப்பது ஒன்று, எமுலேட்டரின் சேவ் ஸ்டேட் இன்னொன்று. சேவ் ஸ்டேட் என்பது அந்த நொடியில் கன்சோலின் மொத்த நினைவகத்தையும் படம் பிடித்து வைப்பது. கேமுக்குள் நீங்கள் செய்த சேமிப்பும் அந்தப் படத்துக்குள் அடங்கும். அக்கா மகன் போக்கிமானில் கேமுக்குள் முறையாகச் சேமித்துக்கொண்டே போனான். ஒரு நாள் தெரியாமல் பழைய ஸ்டேட் ஒன்றைத் திறந்துவிட்டான். பழைய ஸ்டேட்டோடு பழைய சேமிப்பும் வந்து, புதிய சேமிப்புக் கோப்பின் மேலேயே எழுதிவிட்டது. பிடித்து வளர்த்ததெல்லாம் போச்சு. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எமுலேட்டரின் பதிப்பு மாறினால் பழைய ஸ்டேட் திறக்காமல் போவதும் நடக்கும். கேமுக்குள் செய்யும் சேமிப்புக் கோப்பு அப்படி இல்லை, பெரும்பாலும் ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு அப்படியே எடுத்துப் போகலாம். ஆகவே நீண்ட கேம் என்றால் கேமுக்குள் சேமியுங்கள். ஸ்டேட்டைச் சட்டென்று நிறுத்தித் தொடர மட்டும் பயன்படுத்துங்கள். சேமிப்புக் கோப்புறையை அவ்வப்போது கணினியில் நகல் எடுத்து வையுங்கள்.

போக்கிமான் என்றதும் இன்னொன்று. 1999-ல் வந்த கோல்டு, சில்வரில் பகல் இரவு மாறும், கிழமைக்குத் தகுந்த மாதிரி நிகழ்வுகள் வரும். கருவிக்குள் நேரத்தைத் தனியாகக் காக்கும் கடிகாரச் சிப் இல்லையென்றால், அணைத்து ஆன் செய்யும் ஒவ்வொரு தடவையும் நேரம் குழம்பும். விவரப் பட்டியலில் ஆர்டிசி என்று இருக்கிறதா பாருங்கள்.

மெமரி கார்டு: கருவியோடு பெட்டியில் வரும் கார்டை நம்பாதீர்கள். என்னிடம் வந்த கருவி ஒன்றின் கார்டு சில மாதத்திலேயே படிக்க முடியாமல் போனது. கருவி வந்ததும் அதிலிருப்பதைக் கணினியில் நகலெடுத்துவிட்டு, பெயர் தெரிந்த நிறுவனத்தின் கார்டுக்கு மாறிவிடுங்கள். புதுக் கார்டையும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். 128 ஜிபி என்று அச்சடித்த 16 ஜிபி கார்டுகள் சந்தையில் சகஜம். பிளேஸ்டேஷன் டிஸ்க் கோப்புகளை சிஹெச்டி என்ற சுருக்கிய வடிவுக்கு மாற்றினால் இடம் கணிசமாக மிஞ்சும். ஃபைனல் ஃபேன்டசி 7 மாதிரி மூன்று டிஸ்க் கேம் என்றால், மூன்றின் பெயரையும் வரிசையாக எழுதிய எம்3யூ கோப்பு ஒன்றை வைத்தால் பட்டியலில் ஒரே கேமாகத் தெரியும், டிஸ்க் மாற்றுவதும் சுலபம்.

பல கருவிகளோடு பத்தாயிரம் கேம் இலவசம் என்று கொடுப்பார்கள். சட்டப்படி அது திருட்டுப் பிரதிதான், விற்பவர் என்ன சொன்னாலும். எமுலேட்டர் வேறு விஷயம். 2000-ல் சோனிக்கும் கனெக்டிக்ஸுக்கும் நடந்த வழக்கில், பிளேஸ்டேஷன் எமுலேட்டர் உருவாக்கக் கனெக்டிக்ஸ் செய்த ஆய்வு நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் கேமுக்கும், கன்சோலைத் தொடங்கி வைக்கும் பயாஸ் கோப்புக்கும் பதிப்புரிமை இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பத்தாயிரம் கேம் பட்டியலே ஆட்டத்தைக் கெடுக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் ஆடிவிட்டு அடுத்ததுக்குத் தாவிக்கொண்டிருப்பீர்கள். என் கார்டில் ஒரு நேரத்தில் இருபதுக்கு மேல் வைப்பதில்லை. சொந்தக் கேட்ரிட்ஜ்களைக் கோப்பாக எடுத்துக்கொள்ளத் தனிச் சாதனங்கள் கிடைக்கின்றன. இன்றும் கேம் பாய்க்குப் புதிதாக கேம் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள், அதற்கான ஜிபி ஸ்டூடியோ மென்பொருள் வந்த பிறகு அது ஒரு சின்ன மறுமலர்ச்சியாகவே ஆகியிருக்கிறது. 2004-ல் இலவசமாக வெளியான கேவ் ஸ்டோரியை இந்தக் கருவிகளில் நன்றாகவே ஆடலாம்.

கருவியே வேண்டாம், போன் போதாதா என்ற கேள்வியும் நியாயமானது. வேகத்தில் போன் இந்தச் சின்னக் கருவிகளை ஊதித் தள்ளும். 6.5 அங்குலப் போனில் 4:3 படமே சுமார் 4.4 அங்குலம் வரும். 2024 ஏப்ரலில் ஆப்பிள் ரெட்ரோ எமுலேட்டர்களை ஆப் ஸ்டோரில் அனுமதித்ததிலிருந்து ஐபோன்காரர்களுக்கும் வழி திறந்துவிட்டது. இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கன்ட்ரோலர் ஒன்றை மாட்டினால் முடிந்தது. பிஎஸ்2 ஆசை உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இதைத்தான், உங்கள் போனில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் காசைச் செலவழியுங்கள். ஆனால் திரையைத் தொட்டு பட்டன் ஆடுவது ஆட்டமே இல்லை. அப்புறம், கேமின் கடைசிப் பெரிய வில்லனின் எதிரில் நிற்கும்போது வரும் வாட்ஸ்அப் செய்தி. போன் பேட்டரியும் நமக்கு வேறு வேலைக்கு வேண்டும். தனிக் கருவிக்கு இந்தக் காரணங்களே எனக்குப் போதும்.

வாங்கியாயிற்று என்றால், திருப்பி அனுப்ப அவகாசம் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். வெள்ளை, கறுப்புப் படம் போட்டு வேலை செய்யாத புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன காண்ட்ரா, ஹடூக்கன் இரண்டையும் ஆடுங்கள். ரெட்ரோஆர்ச்சின் பட்டன் ஒதுக்கும் பக்கத்தில் எல்லா பட்டனையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள், ஷோல்டர் பட்டன்களின் உள் ஓரத்தில் அழுத்தினாலும் பதிவாகிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கைத் தொடாமல் விட்டால் நடுவிலேயே நிற்க வேண்டும். ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். பிறகு சார்ஜிங். இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் போட்டால் சில கருவிகள் ஏறவே ஏறாது. பழுது என்று பதற வேண்டாம். டைப்-சி சார்ஜர், எதிர்முனையில் 5.1 கிலோஓம் மின்தடை தெரிந்தால்தான் மின்சாரம் கொடுக்கும். செலவைக் குறைக்க அந்தத் தடையை விட்டுவிடும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஒரு முனை பழைய யூஎஸ்பி-ஏ ஆக உள்ள கேபிளில், சாதாரணச் சார்ஜரில் போட்டால் ஏறும். அதிலும் ஏறவில்லை என்றால் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்புங்கள்.